அக்டோபர் ஆட்டங்களில் அணித் தேர்வைக் கவனிப்பது எப்படி? ஒரு வாரியர்ஸ் ரசிகரின் வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில், சீசன் தொடங்குவதற்கு முன்பு, என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் புள்ளிப் பட்டியலில் சேராத சில ஆட்டங்களை ஆடுகின்றன. அந்த ஆட்டங்களில் முதலில் களமிறங்கும் ஐந்து பேரின் பெயர்கள் வெளியான உடனேயே, இவர் ஏன் இருக்கிறார், அவர் ஏன் இல்லை என்ற வாக்குவாதம் ரசிகர்களிடையே தொடங்கிவிடும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியைப் பின்தொடரும் ஒருவன் என்ற முறையில், அந்த வாக்குவாதத்தின் பெரும்பகுதி வீண் என்பதே என் கருத்து. அக்டோபரில் வெளியாகும் தகவல்களில் மிகக் குறைந்த மதிப்புடையது யார் தொடங்குகிறார் என்பதுதான். யாருடன் யார் சேர்ந்து ஆடுகிறார், எந்த நேரத்தில் ஆடுகிறார் என்பவற்றிலிருந்துதான் பயிற்சியாளரின் மனம் ஓரளவாவது தெரியவரும். அதைக் கவனிப்பதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வாரியர்ஸ் அணியிலிருந்தே வரும். முறை எந்த அணிக்கும் பொருந்தும்.

தொடக்க ஐவர் பட்டியலை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு 2024-25 சீசனே போதுமான சான்று. அக்டோபர் 2024-இல் போர்ட்லேண்ட் அணிக்கு எதிரான சீசனின் முதல் ஆட்டத்தில் ஸ்டெஃபன் கரி, ஆண்ட்ரூ விக்கின்ஸ், ஜொனாதன் குமிங்கா, டிரேமண்ட் கிரீன், டிரெய்ஸ் ஜாக்சன்-டேவிஸ் ஆகிய ஐவர் தொடங்கினார்கள்; அணி 139-104 என்று வென்றது. அடுத்த ஏப்ரலில் ஹூஸ்டன் அணிக்கு எதிரான பிளே-ஆஃப் (சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) தொடரின் முதல் ஆட்டம் வந்தபோது அந்த ஐவரில் கரியும் கிரீனும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். விக்கின்ஸ் பிப்ரவரியில் ஜிம்மி பட்லரைப் பெறுவதற்கான பரிமாற்றத்தில் மயாமிக்குப் போய்விட்டார். மற்ற இருவரின் இடங்களில் பிராண்டின் பொஜெம்ஸ்கியும் மோசஸ் மூடியும் நின்றார்கள். அக்டோபரில் குமிங்காவா மூடியா என்று சண்டையிட்டவர்கள் யாரும் பட்லர் என்ற பெயரைக் கணக்கில் எடுத்திருக்க முடியாது.

முதல் வேலை: ஒப்பந்தங்களை அறிந்துகொள்வது

ஆட்டத்தைப் பார்க்க உட்காருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பயிற்சி முகாமில் ஓர் அணி 21 வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். சீசன் தொடங்கும்போது வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேரும், துணை லீக் அணியோடு பகிர்ந்துகொள்ளும் இருவழி ஒப்பந்தத்தில் 3 பேரும் மட்டுமே இருக்க முடியும். எனவே அக்டோபரில் களத்தில் தெரியும் முகங்களில் சிலர், எவ்வளவு நன்றாக ஆடினாலும், சில நாட்களில் விடுவிக்கப்படப் போகிறவர்கள். முகாமுக்கு மட்டும் அழைக்கப்பட்டு, பின்னர் துணை லீக் அணிக்கு அனுப்பப்படுவதற்காகவே ஒப்பந்தம் செய்யப்படுகிறவர்களும் அவர்களுள் உண்டு.

ஆகவே ஒரு தாளை எடுத்து வீரர்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: முழுச் சம்பளமும் உறுதி செய்யப்பட்டவர்கள், இருவழி ஒப்பந்தக்காரர்கள், உறுதி எதுவும் இல்லாதவர்கள். முதல் வகையில் 14 பேர் இருந்து 15-வது இடம் காலியாக இருந்தால், அணித் தேர்வில் உண்மையான போட்டி நடப்பது அந்த ஓரிடத்துக்குத்தான். தொடக்க ஐவரைப் பற்றிய பேச்சைவிட அதைக் கவனிப்பது சுவையானது என்பேன்.

வாரியர்ஸ் ரசிகர்களுக்கு இதை நிரூபித்தவர் இரண்டாம் கேரி பேட்டன் (Gary Payton II). 2021 அக்டோபரில் அந்தக் கடைசி இடத்துக்கு அவரும், பல ஆண்டு அனுபவமுள்ள ஏவரி பிராட்லியும் போட்டியில் இருந்தார்கள். அணி இருவரையுமே விடுவித்தது. சீசன் தொடங்கும் தறுவாயில் பேட்டனை மட்டும் மீண்டும் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு ஜூனில் வாரியர்ஸ் கோப்பையை வென்றபோது, எதிரணியின் சிறந்த கார்டுகளை, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் வெளிவட்ட வீரர்களை, தடுக்கும் பொறுப்பைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். மெம்ஃபிஸ் தொடரில் முழங்கை முறிந்தும் இறுதித் தொடருக்குள் திரும்பி வந்தார். அந்த அக்டோபரில் அவருடைய ஆட்டத்தைப் புள்ளிக் கணக்கை வைத்து மதிப்பிட்டவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. பந்து வைத்திருப்பவரை அரை மைதானத்துக்கு முன்பே மறித்து நிறுத்துகிறாரா என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தல்

இந்த ஆட்டங்களும் 12 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகளாகவே நடக்கின்றன. ஆனால் நான்கும் ஒரே மதிப்புடையவை அல்ல. பெரும்பாலான பயிற்சியாளர்கள் முக்கிய வீரர்களை முதல் பாதியில் ஒரு பங்கும், மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில் இன்னொரு பங்குமாக ஆடவைத்துவிட்டு உட்காரவைத்துவிடுவார்கள். நான்காம் கால்பகுதியில் களத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம் தாளின் மூன்றாம் வகையினர். ஆகவே அக்டோபரில் கடைசி நொடியில் கிடைத்த வெற்றிக்காகக் கொண்டாடுவதும், கடைசி நொடியில் வந்த தோல்விக்காகப் பயிற்சியாளரைத் திட்டுவதும் பொருளற்றவை.

நான் மிகுந்த கவனத்துடன் பார்ப்பது முதல் மாற்றம் நிகழும் நேரத்தை. ஆட்டம் தொடங்கி ஐந்து, ஆறு நிமிடங்கள் கழித்து முதலில் வெளியே அழைக்கப்படுபவர் யார், அவருக்குப் பதிலாக எழுந்து வருபவர் யார் என்பவற்றை எழுதி வையுங்கள். முதலில் வெளியே வருபவர் பெரும்பாலும் இரண்டாம் குழுவை வழிநடத்துவதற்காகச் சீக்கிரமே திரும்பி உள்ளே போகப் போகிறவர். அது தண்டனை அல்ல, பொறுப்பு. முதலில் உள்ளே வருபவர், தொடக்க ஐவரில் இல்லாவிட்டாலும், பயிற்சியாளரின் கணக்கில் ஆறாவது ஆள். ஒரே பெயர் மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து ஆறாவதாக வந்தால், அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

ஆட்டங்களையும் அதே போலத் தரம் பிரிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் எல்லோருக்கும் சமமாக நேரம் கிடைக்கும், அதிலிருந்து முடிவெடுக்காதீர்கள். நடுவில் உள்ளவை சோதனைகளுக்கானவை. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், சில அணிகளில் கடைசி ஆட்டத்தில், பயிற்சியாளர் உண்மையான சீசன் ஆட்டத்தைப் போலவே மாற்றங்களைச் செய்து பார்ப்பார். ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் அக்டோபரில் நமக்கு மறுநாள் காலை 7.30 மணிக்கு வரும். அலுவலகம் போகிறவர்களுக்கு முதல் பாதியும் மூன்றாம் கால்பகுதியின் தொடக்கமும் கிடைத்தாலே போதும். முன்னே சொன்ன காரணத்தால் எஞ்சியதில் பெரிய இழப்பு இல்லை.

யாருடன் யார்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். கூடைப்பந்தில் ஒரு வீரரின் பலம் அவருடன் நிற்கும் நால்வரைப் பொறுத்துக் கூடும், குறையும். வாரியர்ஸ் அணியில் இது மற்ற அணிகளைவிட வெளிப்படையாகத் தெரியும். காரணம் டிரேமண்ட் கிரீன். அவர் தடுப்பாட்டத்தில் ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அவரை எதிரணியினர் பெரும்பாலும் தனியாக விட்டுவிடுவார்கள். அவரோடு வெளியிலிருந்து எறியத் தெரியாத ஒரு சென்டரும் (கூடையருகே ஆடும் உயரமான வீரர்) சேர்ந்து நின்றால், எதிரணியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் கூடையின் அடியிலேயே காலூன்றி நின்றுவிடலாம். அப்போது கூடையை நோக்கி ஓடி வரும் எந்த வீரருக்கும் வழி அடைபட்டுவிடும்.

கரி களத்தில் இருக்கும்போது இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடும். வெகு தொலைவிலிருந்தும் எறியக்கூடிய அவரை அரை மைதானம் தாண்டியதும் இருவர் சூழ்ந்துகொள்வதால், கிரீனின் கையில் பந்து வரும்போது எதிரே நிற்பவர்கள் மூவர்தான். கெவோன் லூனி என்ற சென்டர் வெளியிலிருந்து எறியாதவராக இருந்தும், கிரீனோடும் கரியோடும் சேர்ந்து ஆடி 2022 கோப்பைக்கு உதவினார் என்றால், ஸ்கிரீன் வைப்பதிலும் (தடுப்பவரின் வழியில் உடலால் மறித்து நின்று சக வீரரை விடுவிப்பது) தவறிய எறிதல்களை மீட்பதிலும் அவருக்கிருந்த திறமையோடு கரி உண்டாக்கிக் கொடுத்த இடமும் ஒரு காரணம். ஆகவே அக்டோபரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எறியத் தெரியாத இருவர் சேர்ந்து நிற்கும் நிமிடங்களில் கரி உள்ளே இருக்கிறாரா? கரி இல்லாத நிமிடங்களிலும் பயிற்சியாளர் அந்த இருவரைச் சேர்த்தே வைத்திருந்தால், ஒன்று அவருக்கு வேறு ஆள் இல்லை, அல்லது எதையோ சோதித்துப் பார்க்கிறார்.

2024-இல் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அப்படி ஒரு சோதனையைச் செய்தார். கிளே தாம்சன் டல்லஸுக்குப் போய்விட்டிருந்தார். பட்டி ஹீல்ட், கைல் ஆண்டர்சன், டி'ஆந்தனி மெல்ட்டன் ஆகிய மூவர் புதிதாக வந்திருந்தார்கள். அந்நிலையில் கிரீனையும் ஜாக்சன்-டேவிஸையும் சேர்த்து, மூன்றாவதாகக் குமிங்காவையும் நிறுத்தினார். குமிங்கா கூடையை நோக்கிப் பாய்வதில் வல்லவர். பாய்வதற்குத் தேவையான இடத்தைத்தான் அந்தச் சேர்க்கை அவருக்குக் கொடுக்கவில்லை. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் இளம் வீரருக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். அவருடன் நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது நீடிக்காது என்ற ஐயம் அப்போதே எழுந்திருக்கும். சீசனின் முதல் சில வாரங்களுக்குள்ளேயே அவர் பெஞ்சிலிருந்து வரத் தொடங்கினார். அதற்காகக் கெர்ரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. சோதிக்காமல் ஒதுக்கியிருந்தால்தான் குறை சொல்லியிருப்பேன்.

எனவே நீங்கள் எழுத வேண்டியது இருவர் இருவரான சேர்க்கைகளை. ஐந்து பேர் கொண்ட சேர்க்கைகளை எழுதத் தொடங்கினால் அவை எண்ணிக்கையில் பெருகி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடங்களே கிடைத்திருக்கும். அவற்றிலிருந்து எதுவும் தெரியாது. இருவர் சேர்க்கை என்றால் ஓர் ஆட்டத்திலேயே பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் கிடைத்துவிடும். அணிக்கு அணி முக்கியமான சேர்க்கைகள் நான்கைந்துதான் இருக்கும். வாரியர்ஸ் அணியில் அவை கரியும் இரண்டாவது பந்து நகர்த்துபவரும், கிரீனும் சென்டரும், கரி வெளியே இருக்கும்போது பந்தைக் கொண்டுவருபவரும் அவருக்கு ஸ்கிரீன் வைப்பவரும். இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கரி ஓய்வெடுக்கும் நிமிடங்களில் எடுத்த முன்னிலையை இழப்பதுதான் இந்த அணியின் நெடுநாள் நோய். அந்த நிமிடங்களுக்கு யார் மருந்து என்பதைத்தான் ஒவ்வோர் அக்டோபரிலும் பயிற்சியாளர் தேடுகிறார்.

சேர்க்கையின் வலிமைக்கு மிகப் பெரிய சான்று 2015 இறுதித் தொடரில் கிடைத்தது. கிளீவ்லேண்ட் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது, நான்காம் ஆட்டத்தில் சென்டர் ஆண்ட்ரூ போகட்டுக்குப் பதிலாக ஆண்ட்ரே இகுடாலாவைத் தொடக்கத்தில் இறக்கி, கிரீனைச் சென்டராக நிறுத்தினார் கெர். யோசனையைச் சொன்னவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். அந்த ஆட்டத்தை வாரியர்ஸ் 103-82 என்று வென்றது. அடுத்த இரண்டையும் வென்று கோப்பையையும் எடுத்தது. அந்த ஐவரில் யாரும் புதியவர் அல்லர். அவர்கள் சேர்ந்து நின்ற நேரம்தான் புதியது.

இகுடாலாவின் கதைக்கு ஓர் அக்டோபர்த் தொடக்கம் உண்டு. 2014-இல் கெர் பொறுப்பேற்றபோது, இகுடாலா அதுவரை ஆடிய 758 சீசன் ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இருந்தவர். அவரைப் பெஞ்சுக்கு மாற்றி, ஹாரிசன் பார்ன்ஸைத் தொடக்கத்தில் இறக்குவது என்று கெர் முடிவெடுத்தார். பார்ன்ஸ் அதற்கு முந்தைய சீசனில் பெஞ்சிலிருந்து வந்து தடுமாறியவர். கரியும் தாம்சனும் உடன் இருந்தால் அவர் தெளிவாக ஆடுவார். இகுடாலாவோ யாருடன் நின்றாலும் ஆட்டத்தை நடத்தக்கூடியவர். தரத்தில் மேலானவர் பெஞ்சிலும் மற்றவர் தொடக்கத்திலும் என்று அமைந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். இறுதித் தொடரின் அந்த நான்காம் ஆட்டம் வரை அந்தச் சீசனில் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடங்காத இகுடாலா, இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

வராதவர்களைக் கணக்கில் எடுத்தல்

அக்டோபர் ஆட்டங்களில் ஒரு வீரர் தொடங்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம், அந்த இடத்துக்கு உரியவர் காயத்தில் இருப்பது. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு வெளியாகும் காயப் பட்டியலைப் பார்த்து, இன்று ஆடாதவர் திரும்பி வந்தால் யாருடைய நிமிடங்கள் குறையும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2021-இல் ஜோர்டன் பூல் அக்டோபர் ஆட்டங்களில் புள்ளிகளைக் குவித்தார். தொடக்க இடமும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் தாம்சன் காயத்திலிருந்து மீண்டு சீசனின் நடுவில் திரும்புவார் என்பதை மறக்காதவர்களுக்கு அந்த இடத்தின் ஆயுள் தெரிந்திருந்தது.

2023-இல் கிறிஸ் பால் வந்தபோது இதே மாதிரி நிகழ்ந்தது. அதுவரை எந்த அணியிலும் பெஞ்சிலிருந்து வந்திராத அவர் எங்கே ஆடுவார் என்பதே அந்த மாதத்தின் ஒரே பேச்சு. முகாமுக்கு முன்பே கிரீனின் கணுக்காலில் காயம் ஏற்பட்டதால், பால் தொடக்க ஐவரில் இடம் பிடித்தார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள். சீசனின் மூன்றாம் ஆட்டத்தில் கிரீன் திரும்பியபோது, ஹூஸ்டனில், பால் பெஞ்சிலிருந்து வந்தார். பிளே-ஆஃப் உட்பட 1,365 ஆட்டங்களில் தொடர்ந்து தொடங்கியவருக்கு அது முதல் முறை.

எனினும் காயம் தற்காலிகம் என்பதால் அதன் விளைவும் தற்காலிகம் என்று சொல்லிவிட முடியாது. 2014-இல் அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய டேவிட் லீ, சீசன் தொடங்கும் நேரத்தில் தொடையின் பின்தசையில் காயமுற்றார். 2012-இல் புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் 35-வதாக எடுக்கப்பட்ட கிரீன் அந்த இடத்தில் இறங்கினார். லீ குணமாகி வந்தபோது இடம் போய்விட்டிருந்தது; அந்த ஆண்டு அணி 67 ஆட்டங்களை வென்றது. பூலின் கதையிலும் கிரீனின் கதையிலும் வேறுபாடு எங்கே என்று பார்த்தால், பூல் உரியவரின் வேலையையே அவருக்குப் பதிலாகச் செய்தார். கிரீன் லீ செய்ய முடியாத ஒன்றைச் செய்தார். எதிரணியின் எந்த வீரரிடமும் ஆள் மாறி நின்று தடுக்கும் தடுப்பாட்டம் அவர் வந்த பிறகுதான் அந்த அணிக்குச் சாத்தியமானது. பதிலாள் ஒருவரைப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைத்தான் தேட வேண்டும்.

வெற்றி தோல்விக் கணக்கு

இதற்குச் சில வரிகள் போதும். 2024-இல் நியூயார்க் நிக்ஸ் அக்டோபர் ஆட்டங்கள் ஐந்தையும் வென்றுவிட்டு, சீசனின் முதல் ஆட்டத்தில் பாஸ்டனிடம் 132-109 என்று தோற்றது; பிறகு 51 ஆட்டங்களை வென்றது. மும்பையில் 2019-இல் நடந்த இரண்டு ஆட்டங்களில் இண்டியானாவிடம் சாக்ரமென்டோ தோற்றதைப் பயண அலுப்பு என்று ஒதுக்கலாம். ஆனால் அந்த அணி சீசனின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. ஆக, வென்றவர்கள் தோற்கிறார்கள், தோற்றவர்களும் தோற்கிறார்கள்.

விதிவிலக்காக நான் கருதுவது ஒன்றே. 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் எட்டு ஆட்டங்களில் எட்டிலும் தோற்றது. கோபி பிரையன்ட்டுடன் ஸ்டீவ் நாஷும் டுவைட் ஹோவர்டும் சேர்ந்த அணி அது. முதுகு அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டுவந்த ஹோவர்ட் கடைசி ஆட்டங்களில்தான் இறங்கினார். ஒன்றாக ஆடிப் பழகுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. சீசனின் முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்றதும் பயிற்சியாளர் மைக் பிரவுன் நீக்கப்பட்டார். அங்கேயும் எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டியது தோல்விகளின் எண்ணிக்கையை அல்ல, முக்கிய வீரர்கள் சேர்ந்து ஆடிய நேரம் அவ்வளவு குறைவாக இருந்ததை.

எறிதல் சதவீதத்துக்கும் இதே விதிதான். நான்கைந்து ஆட்டங்களில் ஒருவர் 20 மூன்று புள்ளி எறிதல்களை முயன்றால், இரண்டு பந்துகள் விளிம்பில் பட்டு உள்ளே விழுவதா வெளியே போவதா என்பதே அவருடைய சதவீதத்தைப் பத்துப் புள்ளிகள் மாற்றிவிடும். விழுந்ததா என்பதைவிட, எறிந்தாரா என்று பாருங்கள். சென்ற ஆண்டு மூலையில் தனியாக நின்றும் பந்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர் இந்த ஆண்டு தயங்காமல் எறிகிறார் என்றால், தவறினாலும் அது செய்திதான். பயிற்சியாளர்கள் அவரிடம் எறியச் சொல்லியிருக்கிறார்கள்.

எதிரணியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். நம் அணியின் முதல் ஐவர் எதிரணியின் முகாம் வீரர்களை எதிர்த்து 15-2 என்று புள்ளிகளைக் குவித்திருந்தால் அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம். அக்டோபரில் பயிற்சியாளர்கள் தங்கள் சிறந்த திட்டங்களைக் காட்டுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

குறிப்புகளைச் சரிபார்த்தல்

சீசன் தொடங்கிய பிறகு அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதல் பத்து ஆட்டங்கள் முடிந்ததும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்: ஆறாவதாக வருவார் என்று நீங்கள் குறித்தவர் ஆறாவதாகவே வருகிறாரா, கரியின் ஓய்வு நிமிடங்களைப் போன்ற நெருக்கடியான நேரத்தில் நீங்கள் குறித்த இருவர்தான் பொறுப்பில் இருக்கிறார்களா, நான்காம் கால்பகுதியின் கடைசி ஐந்து நிமிடங்களில் ஆட்டத்தை முடித்து வைக்கும் ஐவரில் தொடக்க ஐவர் எத்தனை பேர். மூன்றாவது கேள்விக்கு அக்டோபரில் விடை கிடைக்காது. அந்த நேரத்தில் முக்கிய வீரர்கள் மேலாடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆழம் மிகுந்த அணிகளில் இந்தச் சரிபார்ப்புக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும். 2024 அக்டோபரில் ஆறு ஆட்டங்களையும் வென்ற வாரியர்ஸில், கெர் சீசன் தொடங்கிய பிறகும் 12, 13 பேரை மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருந்தார். முதல் 15 ஆட்டங்களில் 12 வெற்றிகள் வந்தபோது அது புதுமை என்று புகழப்பட்டது, பிறகு தோல்விகள் தொடர்ந்தபோது அதே பழக்கம் அவருக்கு யார் வேண்டும் என்றே தெரியவில்லை என்று பழிக்கப்பட்டது. மெல்ட்டன் நவம்பரில் முழங்கால் காயத்தால் சீசனையே இழந்ததும் கணக்குகள் எல்லாம் மீண்டும் கலைந்தன. இப்படிப்பட்ட ஆண்டில் டிசம்பர் நடுப்பகுதி வரை காத்திருந்து பாருங்கள். அந்தக் கோடையில் ஒப்பந்தமானவர்களில் பெரும்பாலானோரைப் பரிமாற்றத்தில் கொடுக்கும் அனுமதி டிசம்பர் 15-இல்தான் தொடங்குகிறது, அதன் பிறகு உங்கள் தாளில் உள்ள பெயர்களே மாறக்கூடும்.